காலையில் வாசித்த வசனம் மாலைக்குள் செயலாக: தனி தியானத்தைத் தொடங்குகிறவர்களுக்கு

ஆண்டவரை ஏற்றுக்கொண்டு கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பவர்களும், பல வருடம் சபைக்குப் போயும் தனி தியானம் (தினமும் தனியே வேதம் வாசித்து ஜெபிப்பது) பழக்கமாகவில்லை என்பவர்களும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தினமும் என்ன செய்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது?

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். கீழே சொல்லும் ஆறையும் செய்தால் தேவன் நம்மைக் கூடுதலாக நேசிப்பார் என்று எண்ண வேண்டாம். இரட்சிப்பு கிருபையினாலே என்று எபேசியர் 2:8, 9 சொல்கிறது; நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று 10-ம் வசனம் தொடர்கிறது. முதலில் கிருபை, அதிலிருந்து கிரியை. இந்த வரிசை தலைகீழானால் ஜெபமும் உபவாசமும் தாங்க முடியாத பாரமாகிவிடும்.

1. நேரமும் இடமும்

15 நிமிடம் போதும். இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் (மாற்கு 1:35). உங்களுக்குக் காலை ஒத்துவராவிட்டால் வேறு நேரம் வையுங்கள், ஆனால் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

2. வாசிப்பு

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான், விறுவிறுவென்று போகும். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மரே மெக்செயின் 1842-ல் தன் சபைக்குத் தந்த வாசிப்பு அட்டவணையை இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறை. அருமையான திட்டம், ஆனால் முதல் வருடத்துக்கு அது கனம் என்பது என் எண்ணம். ஒரு சம்பவம் அல்லது ஒரு போதனை, அவ்வளவு எடுத்துக்கொண்டு இரண்டு முறை வாசியுங்கள். ஒரு முறை வாய்விட்டு.

அப்புறம் ஒரு நோட்டில் மூன்று பதில்களை எழுதுங்கள். இந்தப் பகுதியில் இயேசு எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? என்னிடம் எதைச் செய்ய அல்லது நிறுத்தச் சொல்கிறார்? இன்று அதை யாரிடம் செய்வேன்?

மூன்றாவது பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. “எல்லாரிடமும் தாழ்மையாக நடப்பேன்” என்று எழுதினால் மாலையில் சோதித்துப் பார்க்க எதுவும் இருக்காது. மாற்கு 10-ல் சீஷர்களான யாக்கோபும் யோவானும் ஆண்டவரின் வலது பக்கமும் இடது பக்கமும் உட்காரக் கேட்கிறார்கள். உங்களில் பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கக்கடவன் என்கிறார் அவர். இதை வாசித்த நாளில், “யாரும் தொட விரும்பாத அந்த வேலையை இன்று நானே செய்து முடிப்பேன், செய்ததைச் சொல்லிக் காட்ட மாட்டேன்” என்று எழுதலாம். “திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்” என்று யாக்கோபு 1:22 கேட்பது இதைத்தான்.

ஒரு வாரம் விட்டுப்போனதா? சேர்த்து வைத்துப் படித்து ஈடுகட்ட வேண்டாம். நிறுத்திய இடத்திலிருந்து தொடருங்கள்.

3. ஜெபம்

ஜெபிக்க உட்கார்ந்தாலே மனம் அலைகிறது என்பவர்கள் ஜார்ஜ் முல்லரின் அனுபவத்தைக் கேளுங்கள். பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்தியவர் அவர். எழுந்தவுடன் ஜெபம் என்பதுதான் பல வருடம் அவர் வழக்கம். உண்மையாக ஜெபிக்கத் தொடங்கவே சில நாள் அரை மணி நேரம்கூட ஆனதாம். முதலில் வேதத்தை வாசித்துத் தியானிக்கத் தொடங்கியபோது ஜெபம் தானாக வந்தது என்று 1841-ல் எழுதியிருக்கிறார். நீங்களும் அன்று வாசித்ததையே ஜெபமாக்குங்கள். இரண்டு மூன்று எளிய வாக்கியங்கள் போதும்.

4. பாவ அறிக்கை

இரவு தூங்கும் முன் ஐந்து நிமிடம். “தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்” என்ற சங்கீதம் 139:23-ஐச் சொல்லிவிட்டு, நாளைப் பின்னோக்கிப் பாருங்கள். காலையில் எழுதியதைச் செய்தேனா? எங்கே பொய் சொன்னேன்? யாரைப் பேச்சால் காயப்படுத்தினேன்? பொத்தாம் பொதுவாக “பாவம் செய்தேன்” என்னாமல், நடந்ததை அதன் பெயராலேயே சொல்லுங்கள். பிறகு, பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்று சொல்லும் 1 யோவான் 1:9-ஐ நம்புங்கள். மன்னிக்கப்பட்டதைத் தினமும் திரும்பத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பாவத்தால் இன்னொருவர் பாதிக்கப்பட்டிருந்தால், தேவனிடம் மட்டும் சொல்லிவிட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5:23, 24). வரி வசூலித்துவந்த சகேயு அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக)த் திருப்பித் தர முன்வந்தான். மன்னிப்புக் கேட்கும்போது செய்த தவறை நேராகச் சொல்லுங்கள், “ஆனால் நீங்களும்” என்று ஆரம்பிக்காதீர்கள், எடுத்தது பணமோ நற்பெயரோ அதைத் திருப்பிக் கொடுங்கள். அவர் உடனே மன்னிக்க வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்.

நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்றால் ஒன்று சொல்கிறேன்: உங்களை அடித்துத் துன்புறுத்துகிறவரை மன்னிப்பது வேறு, அவரிடமே திரும்பிப் போவது வேறு. பாதுகாப்பைத் தேடுவதில் எந்தப் பாவமும் இல்லை.

5. ஒரு துணை

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 டிசம்பரில் சிறு குழுக்களுக்கு விதிமுறைகள் எழுதினார். வாரம் ஒரு முறை கூடி, கடந்த சந்திப்புக்குப் பிறகு விழுந்த பாவங்களையும் சந்தித்த சோதனைகளையும் ஒளிக்காமல் பேச வேண்டும். குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபு 5:16-தான் அடிப்படை. உங்கள் சபையில் ரகசியம் காக்கிற ஒருவரைத் தேடுங்கள், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். நோட்டைத் திறந்து, மூன்றாவது கேள்விக்கு எழுதியவற்றில் எதைச் செய்தீர்கள் என்று இருவரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. உபவாசம்

இதை இரண்டாவது மாதத்தில் தொடங்கினால் போதும். வாரத்தில் ஒரு வேளை உணவை விட்டு, அந்த நேரத்தில் ஜெபியுங்கள். தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவை விட வேண்டாம். வேறு விருப்பமான ஒன்றை விடலாம். வெளியே சொல்ல வேண்டாம் (மத்தேயு 6:16-18). ஏசாயா 58-ல் தேவன் விரும்பும் உபவாசம் பசியுள்ளவனோடு ஆகாரத்தைப் பகிர்வது வரை போகிறது. அதனால் நீங்கள் சாப்பிடாத அந்த வேளைக்கு ஆகும் பணத்தை எடுத்து வைத்து, அந்த வாரத்துக்குள்ளேயே சாப்பாடு இல்லாத ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.