பெயரில்லாத பழைய பெஞ்ச் வைஸை இனங்கண்டு செப்பனிடும் முறை

துருவும் பழைய பெயிண்டும் அப்பிய ஒரு பெஞ்ச் வைஸ் (வேலைப்பொருளை இரு தாடைகளுக்கிடையே இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) கைக்கு வந்ததும் கம்பி பிரஷ்ஷை எடுத்துவிடக் கூடாது. தயாரித்தவர் பெயர் எங்கும் தென்படாத வைஸைப் பொறுத்தவரை, அது எந்தக் காலத்தைச் சேர்ந்தது, எந்த உலோகத்தால் ஆனது, முன்பு எங்கெங்கே பழுதுபார்க்கப்பட்டது என்பதற்கான சான்றுகள் அந்தத் துருவுக்கும் பெயிண்டுக்கும் அடியில்தான் கிடக்கின்றன. அவசரப்பட்டுச் சுரண்டினால் அவற்றில் பாதி தூளோடு போய்விடும். உலோகம் இன்னதென்று தெரியாமல் சூடுபடுத்துவதும் பற்றவைப்பதும் நல்ல வைஸைக்கூட உடைத்துவிடும் என்பதால், இனங்காணுதலைச் செப்பனிடும் வேலையின் முதல் பகுதியாகவே கருத வேண்டும்.

முதலில் வகையைப் பாருங்கள். ஒரு நீண்ட கால் தரைவரை இறங்கி, நகரும் தாடை கீழேயுள்ள அச்சில் சுழன்று திறந்தால் அது கொல்லர்கள் பயன்படுத்தும் லெக் வைஸ். நகரும் தாடை நேர்கோட்டில் சறுக்கி வந்தால் அது ஃபிட்டர் வைஸ். பற்களற்ற அகலமான தாடைகளோடு மேசையின் அடிப்பக்கத்தில் பொருத்தும்படி இருந்தால் தச்சு வேலைக்கானது. வைஸின் அளவு என்பது தாடையின் அகலம். எவ்வளவு தூரம் திறக்கிறது என்பது அல்ல.

அடுத்தது உலோகம். பெரும்பாலான ஃபிட்டர் வைஸ்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. அவற்றின் உடலில், வார்ப்பு அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில், ஒரு மெல்லிய கோடு ஓடும். சம்மட்டியில் அடித்தோ அச்சில் அழுத்தியோ உருவாக்கிய எஃகு வைஸில் அந்த இடத்தில் அகலமான பட்டை போன்ற தடம் இருக்கும். சிறிய சுத்தியலால் தட்டும்போது சாம்பல் வார்ப்பிரும்பு மந்தமாக ஒலிக்கும், எஃகு மணிபோல ஒலிக்கும். ஆனால் 1940களில் உருவான, எளிதில் நொறுங்காத டக்டைல் வார்ப்பிரும்பும் ஏறக்குறைய எஃகு போலவே ஒலிக்கும் என்பதால் ஒலியை மட்டும் நம்ப வேண்டாம். அடிப்பக்கத்தில், கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் கிரைண்டரை லேசாகத் தொட்டுப் பாருங்கள்: சாம்பல் வார்ப்பிரும்பின் பொறிகள் குட்டையாகவும் மங்கிய சிவப்பாகவும் விழும், எஃகின் பொறிகள் நீண்டு, மஞ்சள் வெண்மையாகப் பாயும்.

பெயர் இல்லை என்று முடிவுகட்டும் முன், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் துடையுங்கள். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, சாக்கட்டியைப் படுக்கையாக வைத்து உடலின் மீது மெல்லத் தேயுங்கள். புடைப்பெழுத்து இருந்தால், முகடுகள் மட்டும் வெள்ளையாகி, வெறும் கண்ணுக்குச் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் ஓர் எண்ணோ அரை எழுத்தோ எழும்பி வரும். நகரும் தாடையின் இரு பக்கங்கள், சறுக்கும் தண்டின் அடிப்பகுதி, தாடைத் தகடுகளின் பின்புறம், பாக்ஸ் நட் (கைப்பிடி சுழற்றும் திருகுத்தண்டு ஓடும் நட்) உட்காரும் குழி ஆகியவை விட்டுவிடக் கூடாத இடங்கள். அமெரிக்காவின் வில்டன் நிறுவனம், தன் பழைய வைஸ்களில் உத்தரவாதம் முடியும் தேதியைச் சறுக்கும் தண்டின் அடியில்தான் பொறித்தது. அதிலிருந்து ஐந்து ஆண்டுகளைக் கழித்தால் தயாரிப்புக் காலம் கிடைக்கும். உடலில் இரண்டு சிறிய துளைகள் அருகருகே இருந்தால் பெயர்த் தகடு கழன்று போயிருக்கிறது என்று கொள்ளலாம். உள்ளே தனியாக நிற்கும் எண்ணை உடனே மாடல் எண் என்று நினைத்துவிடக் கூடாது. வார்ப்புக்கூடத்தில் அச்சு மாதிரிக்கு இட்ட எண்ணாகவே பெரும்பாலும் அது இருக்கும்.

எழுத்தே இல்லாதபோது எனக்கு மிகவும் நம்பகமாகப் படுவது மரை, அதாவது திருகுப் புரி. ஸ்பிண்டில் எனப்படும் அந்தத் திருகுத்தண்டின் பத்து மரைகளின் நீளத்தை வெர்னியர் அளவுகோலால் அளவெடுங்கள். 63.5 மில்லிமீட்டர் வந்தால் அங்குலத்துக்கு நான்கு மரை, 50.8 வந்தால் ஐந்து மரை; சரியாக 50 அல்லது 60 வந்தால் மெட்ரிக். பத்து மரைகளைச் சேர்த்து அளப்பதால்தான் 5 மில்லிமீட்டருக்கும் 5.08 மில்லிமீட்டருக்கும் இடையேயுள்ள நூலிழை வேறுபாடு தெளிவாகப் பிரிகிறது. ஸ்பிண்டில் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால் தாடைத் தகட்டின் திருகுகளையும் அடிப்பகுதி போல்ட்டுகளையும் சேர்த்தே சரிபார்க்க வேண்டும். அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை இருந்தால் அது விட்வொர்த் எனப்படும் பிரிட்டிஷ் மரை முறை, 13 இருந்தால் அமெரிக்க முறை. சிறிய அளவுகளில் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும்போது கோணம் காட்டிக்கொடுக்கும்: விட்வொர்த் 55 பாகை, அமெரிக்க மரை 60 பாகை. கூட்டல் குறி வடிவத் தலை கொண்ட திருகுகள் 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தன என்பதால், அவை தொழிற்சாலையில் போட்டவைதான் என்று உறுதியானால் வைஸின் வயதுக்கு ஒரு வரம்பு கிடைக்கிறது. இவை எல்லாம் சேர்ந்துதான் பேசும். தனியாக ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

செப்பனிடத் தகுமா என்பதை விரிசலும் நட்டும் தீர்மானிக்கின்றன. தாடையின் கழுத்து, சறுக்கும் தண்டின் மூலைகள், போல்ட் காதுகள் (மேசையில் பொருத்தும் போல்ட் நுழைய அடியில் நீட்டியிருக்கும் பகுதிகள்) ஆகிய இடங்களில் மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து உலர்த்தி, சாக்குப் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய எண்ணெய் கசிந்து பொடியில் கருங்கோடாகத் தோன்றும். கைப்பிடி வளைந்திருந்தால் இந்தச் சோதனையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும், ஏனெனில் குழாயைச் செருகி அளவுக்கு மீறி இறுக்கியதன் அடையாளம் அது. கழுத்தில் ஆழமான விரிசல் கண்ட வார்ப்பிரும்பு வைஸை வாங்காமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. காதில் உள்ள சிறு உடைப்பை முன்கூட்டியே சூடேற்றி, பித்தளையை உருக்கி ஒட்டும் பிரேசிங் செய்து, மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிட்டால் சரிசெய்யலாம்.

பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண வைஸில் ஸ்பிண்டிலை முழுவதும் வெளியேற்றினால் நகரும் தாடை கழன்று வரும். அது கனமானது, கீழே கட்டை ஒன்றை முட்டுக்கொடுங்கள். நகரும் தாடையின் உட்புறத்தில் ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கும் வளையமும் பின்னும் ஸ்பிரிங்கும் எந்த வரிசையில் இருந்தன என்பதுதான் பின்னால் மறந்துபோகும். பாக்ஸ் நட் பெரும்பாலும் அடியிலிருந்து ஒரு போல்ட்டாலோ, சாவி எனப்படும் சிறு உலோகக் கட்டையாலோ பிடிக்கப்பட்டிருக்கும். அசையாத தாடைத் திருகுகளுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு, அவ்வப்போது தட்டிக்கொடுத்து, ஓரிரு நாள் பொறுங்கள். திருகின் பள்ளத்தில் அடைந்த இரும்புத்தூளைக் கூரான ஊசியால் முற்றிலும் தோண்டி எடுத்த பிறகே திருப்புளியை வைக்க வேண்டும். பாதி அடைந்த பள்ளத்தில் வைத்தால் தலை வழுக்கிச் சிதைந்துவிடும்.

1970களுக்கு முந்தைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் அதை உலர்வாகத் தேய்க்காமல், சூட்டுத் துப்பாக்கியால் எரிக்காமல், பெயிண்ட் நீக்கி தடவி ஈரமாகவே வழித்தெடுங்கள். துருவுக்கு மின்னாற்பகுப்பு முறை நன்றாக வேலை செய்யும்: பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையை வைஸிலும் நேர்முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் இணையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை நேர்முனையில் வைக்கவே கூடாது; நச்சுத்தன்மை கொண்ட குரோமியம் சேர்மங்கள் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வெளிவருவதால் காற்றோட்டமான இடமும், கம்பியைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்துவதும் கட்டாயம். கடினப்படுத்திய தாடைத் தகடுகளையும் ஸ்பிரிங்கையும் இந்தத் தொட்டியில் போடாமல் கையால் சுத்தம் செய்யுங்கள். ஹைட்ரஜன் ஏறினால் கடின எஃகு நொறுங்கும் தன்மை பெறும். வெளியே எடுத்ததும் கழுவி, சூடாக உலர்த்தி, உடனே எண்ணெய் தடவ வேண்டும்.

நட்டும் ஸ்பிண்டிலும் தேய்ந்திருந்தால் கைப்பிடியைத் திருப்பியும் தாடை அசையாத இடைவெளி அதிகமாக இருக்கும். நட்டின் மரை கத்திமுனை போல மெலிந்துவிட்டால் வெண்கலத்தில் புதிதாகக் கடைந்து போடுவதே பாதுகாப்பு. ஸ்பிண்டில் வழக்கமாக இயங்கும் பகுதியில்தான் அதிகம் தேயும் என்பதால் புது நட்டை அதன் முழு நீளத்திலும் ஓட்டிப் பாருங்கள். தாடைத் தகடுகளைப் பொருத்தும் முன் அவை உட்காரும் முகத்தை அரத்தால் சமப்படுத்தி, நான்கு மூலைகளிலும் காகிதத் துண்டுகளை வைத்து இறுக்குங்கள். நான்கும் ஒரே அழுத்தத்தில் பிடிபட வேண்டும். எது எளிதாக உருவி வருகிறதோ அந்த மூலையில் தகட்டின் பின்னே மெல்லிய தகடு ஒன்றைக் கொடுக்கலாம்.

பெயிண்ட் உடலுக்கு மட்டும். சறுக்கும் முகங்களிலும் மரையிலும் வேண்டாம். ஸ்பிண்டிலுக்கும் நட்டுக்கும் கிரீஸ் போடுங்கள். சறுக்கும் தண்டுக்கு மெல்லிய எண்ணெயே போதும், ஏனெனில் அங்கே கிரீஸ் தடவினால் அரத்தூள் ஒட்டிக்கொண்டு அரைக்கத் தொடங்கும். மேசையில் பொருத்தும்போது நிலைத்த தாடையின் முகம் விளிம்பைச் சற்றே தாண்டி நிற்கட்டும், அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். தாடையின் மேல்விளிம்பு வேலை செய்பவரின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். மரத்திருகுகளைத் தவிர்த்து, பலகையை ஊடுருவும் போல்ட்டுகளை அடியில் பெரிய வாஷரோடு இறுக்குங்கள். பலகை அமுங்கிக்கொடுக்கும் என்பதால் சில நாள் பயன்பாட்டுக்குப் பின் அவற்றை மறுபடியும் ஒரு முறை இறுக்க வேண்டியிருக்கும்.