பாட்காஸ்ட் கேட்கத் தொடங்குவது எப்படி? கேட்டதை நாலு பேரோடு பேசுவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவர், கோவைக்கும் ஈரோட்டுக்கும் தினமும் பஸ்ஸில் போய்வருபவர், ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போகிறவர். கை வேலையாக இருக்க, காது சும்மா இருக்கும் ஆட்கள் நம் கொங்குப் பக்கம் ஏராளம். கோவை வானொலி கேட்டுப் பழகியவர்களுக்குப் பாட்காஸ்ட், அதாவது போனில் வேண்டியபோது போட்டுக் கேட்கும் ஒலி நிகழ்ச்சி, ஒன்றும் புதிதல்ல. என்ன, இதில் நிகழ்ச்சி நமக்காகக் காத்திருக்கும். பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் அதே இடத்திலிருந்து கேட்கலாம்.

"எதைக் கேக்கறதுன்னே தெரியலீங்க" என்றுதான் புதிதாக வருபவர்கள் சொல்வார்கள். நீளமாக ஒரு பட்டியல் கொடுத்தால் இது தீராது. ஒரு பாட்காஸ்ட் தேறுமா தேறாதா என்பது, கேட்டு முடித்து இன்னொருவரிடம் சொல்லிப் பார்க்கும்போதுதான் பிடிபடும். அதனால் கேட்பதையும் பேசுவதையும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: ஆப்

ஆண்ட்ராய்டு போன் என்றால் ஆண்டெனாபாட் போட்டுக்கொள்ளுங்கள். இலவசம், கணக்குத் திறக்க வேண்டியதில்லை, ஆப் தன் பங்குக்கு விளம்பரம் எதுவும் போடாது. ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஏற்கெனவே இருக்கும். ஸ்பாட்டிஃபை வைத்திருப்பவர்கள் அதிலேயே கேட்கலாம். கூகுள் பாட்காஸ்ட்ஸ் போடச் சொல்லும் பழைய கட்டுரைகள் கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். அது 2024-இல் மூடப்பட்டுவிட்டது.

தமிழ் நிகழ்ச்சிகள் பல யூடியூபில்தான் இருக்கின்றன. அங்கே பணம் கட்டாமல் கேட்டால் பெரும்பாலும் திரை எரிந்துகொண்டே இருக்க வேண்டும், டேட்டாவும் கூடுதலாகப் போகும். ஒலி மட்டும் என்றால், வழக்கமான 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 58 எம்பி போதும். வீட்டு வைஃபையில் முதல் நாளே டவுன்லோடு செய்து வைப்பது நல்லது. ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறை போகிறவர்களுக்கு இது கட்டாயம்.

படி 2: தெரிந்த விஷயத்திலிருந்து தொடங்குங்கள்

உலகத்திலேயே சிறந்தது என்று யாரோ சொன்னதைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் தொழிலை, உங்கள் ஊரை ஒட்டிய ஒரு விஷயத்தை எடுங்கள். அதில் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. சரியாகச் சொல்கிறார்களா என்று உங்களுக்கே தெரியும்.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிளானட் மணி. அமெரிக்காவின் என்பிஆர் வானொலி 2008-இல் தொடங்கிய பொருளாதார நிகழ்ச்சி இது. 2013-இல் இவர்கள் ஒரு டி-ஷர்ட்டைத் தாங்களே ஆர்டர் கொடுத்துச் செய்யவைத்து, அது போன வழியெல்லாம் பின்தொடர்ந்தார்கள். பருத்தி மிசிசிப்பியில் விளைந்தது. ஆண்களுக்கான சட்டைக்கு இந்தோனேசியாவில் நூல் நூற்று, வங்கதேசத்தில் தைத்தார்கள். பெண்களுக்கானது கொலம்பியாவில் தயாரானது. உடுத்திக் கழித்த டி-ஷர்ட்டுகள் கென்யாவின் பழைய துணிச் சந்தைக்குப் போய்ச் சேருவது வரை துரத்திக்கொண்டு போகிறார்கள். நிட்டிங், கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக் என்று நாள் முழுக்க அதிலேயே கிடக்கும் ஒருவர் இதைக் கேட்கும்போது, அமெரிக்கக் கடைக்காரருக்குத் தோன்றாத கேள்விகள் அவருக்குத் தோன்றும். சாயத் தண்ணீர் எங்கே போகிறது? நொய்யலில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை பாழாகி, 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த ஊர் இது. அந்தக் கேள்வியோடு கேட்கிறவருக்கு அதே நிகழ்ச்சி இன்னும் ஆழமாகப் போகும்.

ஆங்கிலம் தடுமாறும் என்றால் பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலிஷ் பாருங்கள். பெயரில் உள்ளபடி ஆறு நிமிடம்தான், எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். தமிழில் நாவல், சிறுகதை கேட்க ஆசை என்றால் தீபிகா அருணின் கதை ஓசை. வரலாறு, அறிவியல் பிடித்தவர்களுக்கு பிபிசியின் இன் அவர் டைம்: ஒரு தலைப்பு, அதில் ஊறிய மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். 1998-இல் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதை மெல்வின் பிராக் நடத்தினார். அமித் வர்மாவின் தி சீன் அண்ட் தி அன்சீன் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் சில பேட்டிகள் ஐந்து மணி நேரத்தையும் தாண்டும், அதனால் முதல் வாரமே அதில் கை வைக்க வேண்டாம்.

படி 3: கேட்பது

வேகத்தைக் கூட்டாமல் கேளுங்கள். ஒருவர் பேச்சில் எங்கே தயங்குகிறார் என்பதும் செய்திதான். ஒன்றரை மடங்கு வேகத்தில் அது காணாமல் போய்விடும். பத்து நிமிடத்தில் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாம், தப்பில்லை. தறி ஓடும் இடத்தில் சத்தத்துக்கு மேல் சத்தம் வைக்காதீர்கள், காது போய்விடும். டூவீலர் ஓட்டும்போது வேண்டவே வேண்டாம்.

படி 4: ஒரு நிமிட வாய்ஸ் நோட்

கேட்டு முடித்ததும், சூடு ஆறுவதற்குள், ஒரு நண்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடம் பேசி அனுப்புங்கள். எதைப் பற்றி, எந்த இடம் மனதில் நின்றது, எதைச் சொல்லாமல் விட்டார்கள். இந்த மூன்றும் போதும். இரண்டு மணி நேரம் கேட்டும் ஒரு நிமிடத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றால், குறை உங்களிடம் இல்லை. அந்த நிகழ்ச்சியில் சரக்கில்லை.

படி 5: நாலு பேர் சேருங்கள்

நாலைந்து பேர் போதும். வாரம் ஒரே ஒரு எபிசோடை எல்லோரும் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் டீ குடிக்கும்போது பேசலாம். "நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் தொடங்காதீர்கள். "ம், பரவால்லீங்க" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். எந்த இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த டி-ஷர்ட் நிகழ்ச்சியைக் கேட்டிருந்தால் பேச்சு இப்படிப் போகும்:

"ஏனுங்ண்ணா, நீங்க எந்த எடத்துல திருப்பிப் போட்டுக் கேட்டீங்க?"

"தைக்கிற புள்ள பேசுற எடத்துலீங் தம்பி. நம்ம பவர் டேபிள்ல ஒக்காந்திருக்கிற புள்ளைங்க பேசுற மாரியே இருந்துச்சு."

"எனக்கு அந்தச் செலவுக் கணக்குதானுங்க. இத்தன நாடு சுத்தி வந்தும் எப்படிக் கட்டுபடியாகுதுன்னு."

"அதத்தான் நானும் கேக்கோணும்னு இருந்தேன். நம்மூர்ல ஒரு பீசுக்கு என்ன ஆகும், சொல்லு பாக்கலாம்?"

இங்கிருந்து பேச்சு நிகழ்ச்சியை விட்டு நம் ஊர்க் கணக்குக்கு வந்துவிடும். வரட்டும், தடுக்காதீர்கள். ஒரு நல்ல எபிசோடு செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

படி 6: தரம் பார்ப்பது

நான் முதலில் கவனிப்பது கேள்வி கேட்பவரை. கேள்வி சின்னதாக இருக்கிறதா? வந்த பதிலைக் காதில் வாங்கி, அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுக்கிறாரா? நம் தமிழ்ப் பேட்டிகளில் பலவும் இங்கேதான் சறுக்குகின்றன. முதல் பத்து நிமிடம் விருந்தினரைப் புகழ்ந்தே போய்விடுகிறது, அப்புறம் எழுதி வைத்த கேள்விகள் வரிசையாக வருகின்றன. நல்ல விஷயம் தெரிந்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருந்தும் பாதிகூட வெளியே வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது, சொல்வதற்கு ஆதாரம் தருகிறார்களா என்பது. ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று ஒருவர் சொன்னால், அதை யாரும் சரிபார்த்துவிடலாம். தினம் ஒரு ஸ்பூன் மஞ்சள் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று இன்னொருவர் சொன்னால், எங்கே சோதித்தார்கள், எத்தனை பேரிடம், யார் செய்தது என்று கேள்வி வர வேண்டும். நடத்துபவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் தலையாட்டினால் அந்த நிகழ்ச்சியை விட்டுவிடுங்கள். முன்பு சொன்னது தவறு என்று அடுத்த எபிசோடில் திருத்திச் சொல்பவர்கள் கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விளம்பரம் வருவதில் தப்பில்லை. இது விளம்பரம் என்று சொல்லிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

படி 7: கழிப்பதும் சேர்ப்பதும்

மூன்று எபிசோடு கேட்டும் வாய்ஸ் நோட் அனுப்பத் தோன்றாத நிகழ்ச்சியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்கும் வேலையை முறை வைத்து ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். இல்லையென்றால் ஒருவர் ரசனையே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் அப்பாரு, அம்மிச்சி இருந்தால் கதை எபிசோடு ஒன்றை டவுன்லோடு செய்து, ஸ்பீக்கரில் போட்டு, நிறுத்தும் பொத்தானை மட்டும் காட்டிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேச்சுக்கு அவர்களையும் கூப்பிடுங்கள்.