பூக்களை நெருங்கிப் படமெடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

புளோக்குக் கீழே பூத்திருக்கும் செம்பருத்தியை நேர் எதிரே நின்று படமெடுத்துப் பாருங்கள். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் நுனி மட்டும் பளிச்சென்று இருக்கும். இதழ்கள் கலங்கிப் போயிருக்கும். இதைப் பார்த்ததும், நெருங்கிப் படமெடுக்க உதவும் புதிய மேக்ரோ லென்ஸுக்கு விலை விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள், கோளாறு லென்ஸில் இல்லை.

பூவை நெருங்க நெருங்க, தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கிக்கொண்டே போகும். பூ தன் நிஜ அளவிலேயே படத்தைப் பதியும் சென்சாரில் விழும் நெருக்கத்தில், பெரிய சென்சார் உள்ள முழு ஃபிரேம் கேமராவில் லென்ஸின் துளையை எஃப் 2.8 என்று அகலமாகத் திறந்துவைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர்தான். துளையைச் சுருக்கி எஃப் 11 வைத்தாலும் 1.3 மில்லிமீட்டர். பின்னணி மங்கினால்தான் அழகு என்று துளையை முழுக்கத் திறந்துவைப்பதுதான் பெரிய தவறு. இவ்வளவு பக்கத்தில் எஃப் 8 வைத்தாலும் பின்னணி தானாக மங்கிவிடும். அதற்காக எஃப் 22 வரை போகவும் வேண்டாம். சிறிய துளையில் ஒளி சிதறிப் படம் முழுவதுமே கூர்மை இழந்துவிடும்.

துளையைவிட நீங்கள் நிற்கும் இடம்தான் முக்கியம் என்பேன். அதே செம்பருத்தியைப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். தண்டு கேமராவுக்கு இணையாக வந்துவிடும். மஞ்சள் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் ஓரளவு தட்டையாக விரிவது. அதற்கு நேர் எதிரே நிற்பதுதான் சரி. ஃபோகஸ் அலைபாய்ந்தால் அதைக் கையால் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை நூலளவு முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள்.

அடுத்தது காற்று. கண்ணுக்கே தெரியாத ஆட்டம்கூட இந்த நெருக்கத்தில் படத்தைக் கெடுத்துவிடும். ட்ரைபாட் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், பூவின் ஆட்டத்தை அல்ல. ஷட்டர் வேகத்தை 1/250 நொடியைவிட மெதுவாக்காதீர்கள். அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன், கூடினால் கூடட்டும். பூ ஆடுகிறதே என்று கிளையை வளைக்கவோ பூவைப் பறிக்கவோ கூடாது. பூங்காக்களில் அது சட்டப்படியும் குற்றம். அந்தப் பூ அடுத்து வருபவருக்கும் தேனீக்கும் உரியது.

நண்பகல் வெயிலையும் தவிர்த்துவிடுங்கள். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணி வாக்கில். அப்போது இதழ்களில் வெள்ளைத் திட்டுகளும் கறுப்பு நிழல்களும்தான் மிஞ்சும். பூமலை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா, காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது. 7 மணி வாக்கில் விடியும்போது கிடைக்கும் மெல்லிய வெளிச்சத்துக்கு ஈடில்லை.

சிவப்பு இட்லிப்பூவை எடுத்தால் இதழ்களின் கோடுகள் மறைந்து ஒரே சிவப்புக் கட்டியாகத் தெரிகிறதா? கேமராவில் பதியும் வெளிச்சத்தை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). கைப்பேசியில் எடுப்பவர்கள், கைப்பேசியின் நிழலே பூமேல் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம், ஏர்கான் அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுபோகாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்று பட்டதும் லென்ஸில் பனி படியும்; துடைத்தாலும் மறுபடி படியும். கேமராப் பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறங்கள்.