நன்கொடைக் கணக்கு முடங்கியபோது: என் அனுபவம்

நாங்கள் நாலு பேர் சேர்ந்து இலவசத் தமிழ் விசைப்பலகைச் செயலி ஒன்றை நடத்துகிறோம். சர்வர் செலவுக்கு ஒரு ஆன்லைன் கட்டண நிறுவனம் வழியாக நன்கொடை வாங்குவோம். ஒரு நாள் காலையில் பார்த்தால் அந்த நிறுவனத்தில் இருந்த எங்கள் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. உள்ளே 41,300 ரூபாய். 'ஆய்வில் உள்ளது' என்று ஒற்றை வரி மட்டும். வயிற்றைப் பிசைந்தது. அது ஊரார் நம்பித் தந்த காசு.

முதல் இரண்டு நாள் தினமும் புதுப் புகார் போட்டேன். அது தப்பு. அப்புறம் ஒரே புகார் எண்ணைப் பிடித்துக்கொண்டு, அதிலேயே தொடர்ந்து எழுதினேன்.

சிக்கல் இரண்டு. கணக்கை என் டிசைன் தொழிலுக்கென்று திறந்திருந்தேன், வந்ததோ நன்கொடை. இன்னொன்று நம் ஊருக்கே உரியது: பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, வங்கியில் வெறும் இனிஷியல். வங்கிக்கு நேரில் போய்ப் பெயரைத் திருத்தினேன். பாஸ்புக்கின் முதல் பக்கம், சர்வர் பில்கள், நன்கொடை எதற்கு என்ற ஒரு பக்க விளக்கம், எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்பினேன். பதினோராம் நாள் பணம் வந்து சேர்ந்தது.

வெளிநாட்டு அட்டைகளில் நன்கொடை வாங்குவதை அன்றே நிறுத்திவிட்டேன். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் இப்படி வெளிநாட்டவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தந்தால் அது வேறு. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால் அது வெளிநாட்டுப் பணம்தான். சிங்கப்பூர் நண்பர் ஒருவர் தந்த தொகையைத் திருப்பி அனுப்பினோம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, அவரும் புரிந்துகொண்டார்.