பேருந்துத் தரவும் ஜாவாஸ்கிரிப்ட் நினைவகமும்: ஆப்ஜெக்ட் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் வெப் புரோகிராமிங் கற்பவர்கள் விரும்பிச் செய்து பார்க்கும் பயிற்சிகளில் ஒன்று, பேருந்து எப்போது வரும் என்று காட்டும் செயலி. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் தளத்தில் அதற்கான தரவு இலவசமாகக் கிடைக்கிறது. தீவு முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட நிறுத்தங்கள் உள்ளன. வழித்தடத் தரவில் 20,000-க்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. சேவை எண், திசை, நிறுத்தக் குறியீடு, தூரம், முதல் பேருந்து, கடைசிப் பேருந்து என்று ஒவ்வொரு பதிவிலும் 12 ப்ராப்பர்ட்டிகள், அதாவது பெயரும் மதிப்பும் கொண்ட விவரங்கள். ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு பதிவும் ஒரு ஆப்ஜெக்ட்.

இதை நல்ல லேப்டாப்பில் எழுதிச் சோதிக்கும்போது ஒரு குறையும் கண்ணில் படாது. துவாஸ் பக்கம் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒரு தம்பி அதையே விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் திறந்தால்தான் தெரியும். வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் போன் அந்தப் பக்கத்தை நினைவகத்திலிருந்து அகற்றியிருக்கலாம். மறுபடி முதலிலிருந்து லோடாகும், அவருடைய டேட்டாவும் கரையும். நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவது அந்தத் தம்பிக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன். எனவே, இந்தப் பேருந்துத் தரவை வைத்தே வழக்கமான தவறுகளைப் பார்ப்போம்.

முதலில் குரோமில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சின் ஒரு ஆப்ஜெக்டை எப்படி வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆப்ஜெக்டின் தலைப்பகுதியில் மூன்று சுட்டிகள், அதாவது நினைவகத்தில் வேறோர் இடத்தின் முகவரிகள், உண்டு. ஒன்று அதன் வடிவத்தை, அதாவது எந்தெந்தப் ப்ராப்பர்ட்டி எந்த வரிசையில் இருக்கிறது என்ற குறிப்பை, காட்டும். இன்னொன்று, ஆப்ஜெக்டுக்குள் இடமில்லாமல் வெளியே வைக்கப்பட்ட ப்ராப்பர்ட்டிகளைக் காட்டும். மூன்றாவது, எண் குறியீடு கொண்ட உறுப்புகளைக் காட்டும். அதற்குப் பின் மதிப்புகள் வரிசையாக அமர்ந்திருக்கும். ப்ராப்பர்ட்டிகளின் பெயர்கள் ஆப்ஜெக்டுக்குள் இருப்பதில்லை. அவை வடிவத்தில் ஒரே ஒரு முறை எழுதப்பட்டிருக்கும், அந்த வடிவத்தை 20,000 ஆப்ஜெக்டுகள் கூடப் பகிர்ந்துகொள்ளலாம். இது வி8 கண்டுபிடித்த யோசனை அல்ல. 1980-களில் செல்ஃப் என்ற மொழிக்காகச் செய்யப்பட்ட ஆய்விலிருந்து வந்தது. ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எஞ்சின்களிலும் இதே யோசனை வேறு பெயர்களில் உண்டு.

2020-இல் வந்த குரோம் 80 முதல் 64-பிட் கணினிகளில் சுட்டிகள் சுருக்கி வைக்கப்படுகின்றன, ஒன்றுக்கு 4 பைட். ஆக ஒரு வழித்தடப் பதிவுக்குத் தலைப்பகுதி 12 பைட், 12 ப்ராப்பர்ட்டிகளுக்கு 48 பைட், மொத்தம் 60. இதே வி8-ஐச் சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இன் வழக்கமான பதிப்பில் இந்தச் சுருக்கம் இல்லாததால் இதுவே 120 ஆகிறது. இந்த 60 பைட் கணக்கு, ஆப்ஜெக்ட் பிறந்த வடிவத்திலேயே இருக்கும் வரைக்கும்தான். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒன்றையேதான் செய்கின்றன: பிறக்கும்போது எஞ்சினுக்கு ஒன்றைக் காட்டிவிட்டு, அப்புறம் அதை மாற்றுகின்றன.

வேண்டாததை டிலீட் செய்வது

12 ப்ராப்பர்ட்டிகளில் நமக்குத் தேவை நான்குதான் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் எட்டையும் டிலீட் கட்டளையால் நீக்கினால் இடம் மிச்சமாகும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. கடைசியாகச் சேர்த்த ப்ராப்பர்ட்டியை நீக்கினால் வி8 முந்தைய வடிவத்துக்குத் திரும்பிவிடும், பாதகமில்லை. நடுவிலிருந்து ஒன்றை நீக்கினால் அந்த ஆப்ஜெக்ட் பகிர்ந்த வடிவத்தை விட்டு வெளியேறி, தனக்கென்று ஒரு ஹாஷ் அட்டவணை (பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடும் அட்டவணை) வைத்துக்கொள்ளும். அந்த அட்டவணையில் ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் பெயர், மதிப்பு, அதன் தன்மை பற்றிய விவரம் என்று மூன்று இடங்கள் வேண்டும். இரண்டு பெயர்கள் ஒரே இடத்துக்கு மோதுவது குறைய வேண்டும் என்பதற்காகக் காலி இடங்களும் விட்டு வைக்கப்படும். இதை 20,000 பதிவுகளுக்கும் செய்தால், மிச்சம் பிடிப்பதற்காக எழுதிய வரியே நினைவகத்தைத் தின்னும்.

தேவையான நான்கை மட்டும் வைத்து ஒரு புது ஆப்ஜெக்ட் எழுதுங்கள், பழையதை விட்டுவிடுங்கள். பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பான் அதை எடுத்துக்கொள்ளும். ஒரே இடத்தில், ஒரே வரிசையில் எழுதினால் எல்லாப் பதிவுகளும் ஒரே வடிவத்தில் பிறக்கும். வரிசை முக்கியம். ஓரிடத்தில் அட்சரேகையை முதலிலும் இன்னோரிடத்தில் தீர்க்கரேகையை முதலிலும் எழுதினால் எஞ்சினுக்கு அவை இரண்டு வடிவங்கள். வரைபடத் தரவை எழுதும் ஜியோஜேசன் முறையில் தீர்க்கரேகைதான் முதலில் வரும் என்பதால், வரைபடம் சார்ந்த கோடில் இந்தக் குழப்பம் எளிதில் நுழைந்துவிடும்.

இருந்தால் சேர், இல்லாவிட்டால் விடு என்று ஸ்ப்ரெட் (மூன்று புள்ளிக் குறி) கொண்டு எழுதும் பழக்கமும் இதே வகைதான். அப்படி நான்கு விருப்ப ப்ராப்பர்ட்டிகள் இருந்தால் 16 வடிவங்கள் வரை பிறக்கலாம். ஒரு ப்ராப்பர்ட்டியைப் படிக்கும் இடத்தில் நான்கு வடிவங்கள் வரைதான் வி8 நினைவில் வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் பொதுவான, மெதுவான வழிக்கு மாறிவிடும். இல்லாததற்கு வெறுமையைக் குறிக்கும் நல் (null) என்று போட்டு வைத்தால் குரோமில் 4 பைட்தான் செலவு. ஆனால் ஆயிரத்தில் ஒரு பதிவுக்கு மட்டும் பொருந்தும் விவரத்துக்காக எல்லாப் பதிவிலும் இடம் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். அதைத் தனியாக ஒரு மேப்பில், அதாவது சாவி-மதிப்பு இணைகளை வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் அமைப்பில், வைப்பது நல்லது.

நிறுத்தக் குறியீட்டைச் சாவியாக வைப்பது

சிங்கப்பூரில் எழுதப்படும் கோடுக்கே உரிய ஒரு பொறி இது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நமது பேருந்து நிறுத்தக் குறியீடுகள் ஐந்து இலக்கம் கொண்டவை. தெம்பனிஸ் பேருந்து முனையம் 75009. நகரின் நடுவே விக்டோரியா ஸ்திரீட்டில் 01012 என்றொரு நிறுத்தம். ஒரு வெற்று ஆப்ஜெக்டை எடுத்து, குறியீட்டைச் சாவியாக்கி, நிறுத்த விவரத்தை மதிப்பாக்கி வைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி.

75009 என்ற சாவியைச் சரமாக (எழுத்துத் தொடராக) கொடுத்தாலும், ஜாவாஸ்கிரிப்ட் விதிப்படி அது ஒரு அர்ரே எண், அதாவது வரிசைப் பட்டியலில் இடத்தைக் குறிக்கும் எண். அது ஆப்ஜெக்டின் உறுப்புகள் பகுதிக்குப் போகும். 01012 அப்படி இல்லை. முன்னால் சுழியம் இருப்பதால் அது சாதாரணப் பெயர், ப்ராப்பர்ட்டிகள் பகுதிக்குப் போகும். ஒரே அட்டவணை என்று நாம் நினைப்பது உள்ளே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. உறுப்புகள் பகுதியில் எண்களுக்கு இடையே பெரிய இடைவெளி இருப்பதால் அது ஹாஷ் அட்டவணை ஆகும். பெயர்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்ததும் ப்ராப்பர்ட்டிகள் பகுதியும் ஹாஷ் அட்டவணை ஆகும்.

நினைவகத்தோடு இது நிற்பதில்லை. ஆப்ஜெக்டின் சாவிகளைக் கேட்டால் அர்ரே எண்கள் ஏறுவரிசையில் முதலில் வரும், மற்ற பெயர்கள் சேர்த்த வரிசையில் பின்னால் வரும். எனவே 01012 பட்டியலில் 75009-க்குப் பின்னால் போய் உட்காரும். அஞ்சல் குறியீட்டிலும் இதே கதைதான். தேக்கா நிலையத்தின் 210665 ஒரு பக்கம் போகும், மரினா பே சேண்ட்ஸின் 018956 இன்னொரு பக்கம் போகும்.

இதற்கு மேப் தான் சரியான கருவி. ஆயிரக்கணக்கில் சாவிகள் வந்து போவதற்காகவே அது உருவாக்கப்பட்டது, சேர்த்த வரிசையையும் காக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: மேப்புக்குச் சரம் 75009 வேறு, எண் 75009 வேறு. குறியீட்டை எல்லா இடத்திலும் சரமாகவே வைத்திருங்கள், சுழியமும் தொலையாது.

எண் என்றால் எல்லாம் ஒன்றல்ல

வி8-க்கு எண்களில் இரண்டு வகை உண்டு. சிறிய முழு எண்கள் 4 பைட் இடத்துக்குள்ளேயே அடங்கிவிடும். சுருக்கிய சுட்டிகள் உள்ள குரோமில் அதன் உச்சம் 1,073,741,823. தசம எண்ணோ அதைவிடப் பெரிய எண்ணோ ஆப்ஜெக்டின் ப்ராப்பர்ட்டியாக வந்தால், அதற்கு வெளியே தனியாக 12 பைட் பெட்டி ஒன்று வேண்டும். ஆப்ஜெக்டில் இருக்கும் 4 பைட் அந்தப் பெட்டியின் முகவரி.

வழித்தடத் தரவில் தூரம் என்ற ப்ராப்பர்ட்டியைப் பாருங்கள். முதல் நிறுத்தத்தில் தூரம் 0. அடுத்ததில் 0.6 போல ஒரு தசமம். முதல் பதிவைப் படித்ததும், இந்த இடத்தில் சிறிய முழு எண் வரும் என்று வடிவத்தில் குறித்துக்கொள்கிறது எஞ்சின். அடுத்த பதிவிலேயே அந்தக் குறிப்பு பொய்யாகிறது. பழைய வடிவம் காலாவதியாகி, புது வடிவம் பிறக்கிறது. பழைய வடிவத்தோடு இருக்கும் ஆப்ஜெக்டுகள் பின்னர் தொடப்படும்போது ஒவ்வொன்றாக இடம் மாற வேண்டும். இதே வகைச் சிக்கலை, வலைப்பக்க இடைமுகம் கட்ட உதவும் ரியாக்ட் நூலகம் சந்தித்ததை 2019-இல் வி8 குழு விரிவாக விளக்கியது. நேரத்தைக் குறிக்கும் ப்ராப்பர்ட்டிகள் அங்கே 0 என்று தொடங்கின, பிறகு தசம எண்கள் வந்தன. ஆப்ஜெக்டுகளுக்கு இனி எதையும் சேர்க்கக் கூடாது என்ற தடையும் போடப்பட்டிருந்ததால், ஒவ்வொரு ஆப்ஜெக்டும் யாரோடும் பகிராத தனி வடிவத்தோடு நின்றது. நம்பர்.நேன் போன்ற, முழு எண்ணாக வைக்க முடியாத ஒரு மதிப்போடு தொடங்கியதும் சிக்கல் நீங்கியது.

பேருந்துத் தரவுக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. தூரத்தை 10-ஆல் பெருக்கி முழு எண்ணாக்கினால் 100 மீட்டர் அலகில் கிடைக்கும், பெட்டியே வேண்டாம். 20,000 பதிவுகளுக்கு அதிலேயே 240 கேபி மிச்சம். தீர்க்கரேகை 103.8 சுற்றுவட்டாரத்தில் இருப்பதால் பத்து லட்சத்தால் பெருக்கினாலும் 103,800,000 அளவில்தான் நிற்கும், உச்சத்துக்கு வெகு கீழே. டிகிரியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு சுமார் 11 சென்டிமீட்டர். பேருந்து நிறுத்தத்தைக் காட்ட இது தாராளம்.

நேரத்தில் கவனம் வேண்டும். 1970-இலிருந்து எண்ணும் வினாடிகள் இப்போது 170 கோடியைத் தாண்டிவிட்டன. குரோமில் அது சிறிய முழு எண்ணாக அடங்காது. நோட்.ஜேஎஸ்-இல் உச்சம் 2,147,483,647 என்பதால் அடங்கும். சர்வரில் அளந்துவிட்டு போனிலும் அப்படியே இருக்கும் என்று நம்பக் கூடாது என்பதற்கு இது ஒரு சான்று. முதல் பேருந்து, கடைசிப் பேருந்து நேரங்களை நள்ளிரவிலிருந்து நிமிடங்களாக வைத்தால் காலை 5 மணி என்பது 300, அவ்வளவுதான்.

அர்ரேக்களிலும் கிட்டத்தட்ட இதே விதி. தசம எண்கள் மட்டும் உள்ள அர்ரேயில் எண்ணுக்கு 8 பைட்தான், பெட்டி இல்லை. அதற்குள் ஒரே ஒரு நல் விழுந்தால் முழு அர்ரேயும் பொது வகைக்கு மாறி, எல்லா எண்களும் பெட்டிக்குள் போகும். வகை ஒரு முறை மாறினால் அந்த அர்ரே திரும்பி வராது. எண்கள் மட்டுமே என்று உறுதியாகத் தெரிந்தால் ஃப்ளோட்64அர்ரே போன்ற டைப்டு அர்ரேயை எடுங்கள்.

சரங்கள்: வெட்டினாலும் ஒட்டியிருக்கும்

காற்புள்ளியால் பிரித்த பெரிய சிஎஸ்வி கோப்பு ஒன்றை வரி வரியாகப் பிரித்து, நிறுத்தத்தின் பெயரை ஸ்லைஸ் கொண்டு வெட்டி எடுக்கிறீர்கள். வெட்டிய துண்டு 13 எழுத்தோ அதற்கு மேலோ இருந்தால் வி8 அதை நகலெடுக்காது. மூலச் சரத்தில் இங்கிருந்து இவ்வளவு என்று சுட்டிக்காட்டி வைக்கும். அந்த ஒரு பெயர் உயிரோடு இருக்கும் வரை முழுக் கோப்பும் நினைவகத்தில் கிடக்கும். ஜேசன் வழியாகப் படித்தால் இந்தச் சிக்கல் வராது.

தமிழில் எழுதும் நமக்கு இன்னொன்று. ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள சரத்துக்கு எழுத்துக்கு ஒரு பைட் போதும். ஒரே ஒரு தமிழ் எழுத்து கலந்தாலும் முழுச் சரமும் இரண்டு பைட் வகைக்குப் போய்விடும். எம்ஆர்டி நிலையப் பெயர்களின் ஆங்கில வடிவத்தையும் தமிழ் வடிவத்தையும் ஒரே சரமாக ஒட்டி வைக்காமல் தனித்தனிப் ப்ராப்பர்ட்டிகளாக வைப்பது நல்லது. தமிழை விட்டுவிடலாம் என்று இதிலிருந்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். தமிழ்ப் பெயர் காட்டும் செயலிகள் இங்கே போதுமான அளவு இல்லை, அதற்காகும் பைட்டுகள் நியாயமான செலவு.

அளக்காமல் தொடங்குவது

மேலே சொன்ன எதையும் செய்வதற்கு முன், குரோம் டெவ்டூல்ஸில் மெமரி பகுதிக்குப் போய் ஒரு ஹீப் ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியில் நினைவகத்தில் இருப்பவற்றின் படம், எடுங்கள். ஷாலோ சைஸ் என்பது ஆப்ஜெக்டின் சொந்த அளவு. ரீடெய்ன்டு சைஸ் என்பது அது போனால் விடுபடும் மொத்த அளவு. சரம் ஒட்டிக்கொண்டிருக்கும் சிக்கல் இரண்டாவதில்தான் தெரியும். நோட்.ஜேஎஸ்-இல் அலவ்-நேட்டிவ்ஸ்-சின்டாக்ஸ் (--allow-natives-syntax) என்ற கொடியோடு ஓட்டினால், ஒரு ஆப்ஜெக்ட் இன்னும் பகிர்ந்த வடிவத்தில் இருக்கிறதா, ஹாஷ் அட்டவணைக்குப் போய்விட்டதா என்று எஞ்சினிடமே கேட்கலாம். அந்தக் கொடி சோதனைக்கு மட்டும்.

ஐபோனில் பார்ப்பவர்களுக்கு எண் பற்றிய பகுதி பொருந்தாது. அங்கே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்கோர் எந்த எண்ணையும் 8 பைட்டுக்குள்ளேயே வைக்கும், தசமத்துக்குத் தனிப் பெட்டி கிடையாது. ஃபயர்ஃபாக்ஸின் ஸ்பைடர்மங்கியும் அப்படித்தான். ஒரே வரிசையில் எழுதுவது, டிலீட்டைத் தவிர்ப்பது, சாவிகளுக்கு மேப் பயன்படுத்துவது ஆகிய மூன்றும் எல்லா எஞ்சினிலும் பலன் தரும். அந்த மூன்றையும் முதலில் செய்துவிட்டு மறுபடி ஸ்னாப்ஷாட் எடுங்கள். 240 கேபி கணக்கெல்லாம் அதற்குப் பிறகும் இடம் போதாவிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.