கொழும்பில் அரச சார்பற்ற நிறுவனங்களில் சட்ட உதவியாளராக வேலை செய்ய

இலங்கையில் சட்ட உதவியாளர் (பாராலீகல்) வேலைக்கென்று தனி அனுமதிப்பத்திரம் கிடையாது. நீதிமன்றத்தில் ஒருவருக்காக எழுந்து பேசுவது சட்டத்தரணியின் வேலை; அதற்கு முந்தியதும் பிந்தியதும் பெரும்பாலும் சட்ட உதவியாளரின் கையில்தான். உங்கள் கோவையை (வழக்கின் ஆவணக் கட்டை) எடுத்த சட்டத்தரணி பாதிக்கப்பட்டவரிடம் எதையும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிராவிட்டால், நீங்கள் தேர்ந்த சட்ட உதவியாளர்.

கோவை, திகதிகளில் தொடங்குகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்தோ மட்டக்குளியிலிருந்தோ வரும் ஒருவர் திகதி சொல்லமாட்டார். "ஆடிவேலுக்கு மறுநாள்", "அந்தோனியார் திருநாளுக்கு முந்தின கிழமை" என்பார். கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் ஜூன் 13. கலண்டரை முன்னால் வைத்து, அவருடனேயே எண்ணி, நாளை உறுதிப்படுத்துங்கள். அவர் சொன்ன சொல்லையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். எல்லாம் ஒரே ஏ4 தாளில், நடந்த வரிசையில் இருக்கட்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஏனென்றால், காலக்கெடு தவறினால் நல்ல வழக்கும் செத்துவிடும். அடிப்படை உரிமை மீறல் மனுவை, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது என்று அந்த ஆணைக்குழுவுக்கான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. பலர் இடறுவது இங்கேதான். முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதி மட்டும் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். விசாரணை நடக்கிறது என்பதைக் காட்டும் ஆணைக்குழுவின் கடிதத்தையும் கேட்டு வாங்கிக் கோவையில் வையுங்கள்.

தகவல் அறியும் உரிமை விண்ணப்பத்துக்குச் சம்பந்தப்பட்ட அரச அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். கொடுத்த அன்றே பற்றுச்சீட்டு வாங்காவிட்டால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே தகராறாகும். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் (2005, இலக்கம் 34) கீழ் நீதவான் தரும் பாதுகாப்புக் கட்டளை கூடியது 12 மாதங்களுக்கே. அது முடியும் நாளை உங்கள் டயரியில் ஒரு மாதம் முன்னதாகவே குறித்துவிடுங்கள். கட்டளை பெற்றவருக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட திகதி.

அடுத்தது மொழி. கொழும்புப் பொலிஸ் நிலையங்களில் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதப்படுகிறது. தமிழர் ஒருவர் வாசிக்க முடியாத தாளில் கையொப்பமிட்டுவிட்டு வந்தால், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பமிடச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து வரச் சொல்லுங்கள். சிங்களக் கையெழுத்தை வாசிக்கப் பழகுவது எந்தச் சான்றிதழையும்விட உங்களுக்கு வேலை வாங்கித் தரும். தமிழிலும் கவனம் வேண்டும்: நமது நாட்டில் உயர் நீதிமன்றம் என்பதே அதியுயர்ந்த மன்று, மேல் நீதிமன்றம் அதற்குக் கீழானது. இந்தியத் தமிழ்ப் பக்கங்களைப் பார்த்து எழுதினால் இது தலைகீழாகிவிடும்.

சத்தியக்கடதாசியில் (நீதிமன்றத்துக்கான எழுத்து மூல வாக்குமூலத்தில்) திரும்பத் திரும்ப வரும் பிழைகள் இரண்டு. கிறிஸ்தவர் சத்தியம் செய்கிறார். இந்து, பௌத்த, முஸ்லிம் மக்கள் உறுதியுரைக்கிறார்கள். பழைய மாதிரியைப் பிரதி செய்யும்போது இது மாறிப்போகிறது. மற்றது, வீட்டில் கையொப்பம் வாங்கிவிட்டு, தாளை மட்டும் சமாதான நீதவானிடம் அனுப்புவது. அவர் முன்னிலையில், வாசித்து விளக்கிய பின் கையொப்பமிட வேண்டும். இல்லையேல் எதிர்த்தரப்பு அதை வைத்தே ஆவணத்தை உடைக்கும்.

பெயர்களைத் திருத்தி எழுதாதீர்கள். மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்கு வந்தவரின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று இருக்கலாம். இரண்டையும் உள்ளபடியே எழுதுங்கள். மூல ஆவணத்தை உங்களிடம் வைத்திருக்கவே வேண்டாம். போட்டோ கொப்பி எடுத்து உடனே திருப்பிக் கொடுங்கள்.

வேலையில் சேருமுன், உங்களை மேற்பார்வை செய்யும் சட்டத்தரணி யார் என்று கேளுங்கள். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சட்டத்தரணியிடம் சொன்ன இரகசியத்தைக் காக்கிறது. 127ஆம் பிரிவு அவருடைய மொழிபெயர்ப்பாளருக்கும் எழுதுவினைஞருக்கும் பணியாளருக்கும் அதை நீட்டுகிறது. சட்டத்தரணி இல்லாத அலுவலகத்தில் உங்கள் குறிப்புகளுக்கு அந்தக் காவல் இருக்கும் என்று நம்பி எழுதாதீர்கள்.

தொடக்கத்துக்கு, கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையே நல்ல பள்ளிக்கூடம். திறந்த மன்றில் பின் வரிசையில் அமர்ந்து, தவணை (வழக்கின் அடுத்த திகதி) எப்படிக் கொடுக்கப்படுகிறது என்று சில வாரங்கள் கவனியுங்கள். வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி தர 1978இன் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் வேலைமுறையையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் வருபவர்கள் பலரை அங்கே அனுப்ப வேண்டியிருக்கும். பின்னாளில் சட்டத்தரணியாக விரும்புவோர் வேலை பார்த்தபடியே நாவல திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் படிக்கலாம்.

சம்பளம் பெரும்பாலும் திட்ட நிதியிலிருந்து வருகிறது. நிதி முடிந்தால் வேலையும் முடியும். ஒப்பந்தத்தில் நீங்கள் ஊழியரா ஆலோசகரா என்று பாருங்கள். ஊழியர் என்றால் சேமலாப நிதிக்கு நிறுவனம் 12 வீதமும் நீங்கள் 8 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிறுவனம் 3 வீதமும் செலுத்த வேண்டும். திட்டம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே, நிலுவையிலுள்ள ஒவ்வொரு கோவைக்கும் அடுத்த தவணை, முடியும் காலக்கெடு, பொறுப்பெடுப்பவர் என ஒரு பட்டியல் போட்டு, சம்பந்தப்பட்டவரிடம் அவருக்கு விளங்கும் மொழியில் நேரில் சொல்லிவிடுங்கள்.