டீத்தூளைத் திட்டுவதற்கு முன்

அக்கா மகனுக்குப் போன தை மாதம் கல்யாணம் ஆனது. காவேரிப்பட்டணத்தில் தனிக்குடித்தனம். வாரம் ஒரு தடவையாவது போன் வரும்: "மாமா, டீ சரியா வரமாட்டேங்குது. எந்தத் தூள் வாங்கட்டும்?" தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டில் ஆறு வருஷம் டீக்கடை வைத்திருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம்தான் வரும். சென்ற ஞாயிறு நேரில் போய்ப் பார்த்தேன். அடுப்படியில் பிரித்த டீத்தூள் பாக்கெட் மூன்று, டீ பேக் டப்பா ஒன்று, குன்னூரிலிருந்து வாங்கி வந்த கால் கிலோ இலைத் தேயிலை. இத்தனையும் வைத்துக்கொண்டு அவன் போட்டுக் கொடுத்த டீ சேற்று நிறத்தில் இருந்தது. சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கடை வைத்த புதிதில் நான் செய்த அதே கூத்து.

பால் பொங்கி வழிவது, சர்க்கரை கூடிப்போவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நாலு நாள் அடுப்பைத் துடைத்தால் அது தானாகச் சரியாகிவிடும். மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

போர் தண்ணியில் போட்டுவிட்டுத் தூளைக் குறை சொல்வது

என் கடைக்குப் பின்னாலேயே போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, இருந்தது. சுவிட்சைத் தட்டினால் தண்ணி, அதனால் டீக்கும் அதுதான். டீ கறுத்து வரும். கிளாஸில் ஊற்றி இரண்டு நிமிஷம் விட்டால் மேலே எண்ணெய் மினுமினுப்போடு ஒரு படலம் கட்டும். ஸ்பூனால் தொட்டால் துண்டு துண்டாக விலகும். பாலாடை என்று நினைத்தேன். பால் விடாத டீயிலும் அது வந்தபோது, தூளில் கலப்படம் என்று முடிவு கட்டிவிட்டேன். முதல் வருஷம் மட்டும் நாலு இடத்தில் தூள் மாற்றினேன். ஒரு வியாபாரியோடு நடுரோட்டில் வாய்ச்சண்டை வேறு. பிரிக்காத பத்துக் கிலோ மூட்டையைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, அதைவிட விலை கூடிய தூள் வாங்கினேன். அதுவும் கறுப்பாகத்தான் வந்தது.

ஒருநாள் விடிகாலையில் மோட்டார் காயில் புகைந்துபோனது. குடிக்கப் பிடித்து வைத்திருந்த ஒகேனக்கல் தண்ணி, அதாவது குழாயில் வருகிற காவிரித் தண்ணி, இரண்டு குடம் இருந்தது. வேறு வழியில்லாமல் அதைப் பாய்லரில் ஊற்றினேன். தினமும் வருகிற பெரியவர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸைத் தூக்கி லைட் வெளிச்சத்தில் பார்த்தார். "என்னப்பா, தூளை மாத்திட்டியா?" என்றார். தூள் முந்தின நாள் போட்ட அதே தூள். பாதி விலைக்குப் போன அந்த மூட்டை நினைவுக்கு வந்தது. இன்றைக்கும் வருகிறது.

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்துப் போர் தண்ணி பாறை இடுக்கிலிருந்து வருவது. கால்சியமும் மக்னீசியமும் கரைந்த கடின நீர். டீயின் நிறமும் துவர்ப்பும் பாலிஃபீனால் என்ற பொருள்களால் வருபவை. கால்சியம் உள்ள தண்ணியில் அவை காற்றோடு சேர்ந்து மேலே படலமாகக் கட்டிக்கொள்கின்றன. இந்தத் தண்ணியில் காரத்தன்மையும் இருப்பதால் சிவக்க வேண்டிய சாயம் கறுக்கிறது. சந்தேகம் இருந்தால் பால் விடாத டீயில் நாலு சொட்டு எலுமிச்சை விடுங்கள். நிறம் வெளுக்கும், படலமும் கரையும்.

அக்கா மகனுக்கு வாயால் சொல்லிப் பயனில்லை என்று இரண்டு கிளாஸ் எடுத்தேன். ஒரே டப்பாவிலிருந்து இரண்டு டீ பேக். ஒன்றில் கொதித்த போர் தண்ணி, இன்னொன்றில் கொதித்த ஒகேனக்கல் தண்ணி. மூன்று நிமிஷம். ஒன்று சாக்கடை மாதிரி மங்கி நின்றது. மற்றது மாதுளைச் சாறு போல, கிளாஸுக்குப் பின்னால் வைத்த விரல் தெரிந்தது. "மூணு பாக்கெட் காசு போச்சே மாமா" என்றான். குன்னூரில் குடித்தபோது இந்த இலை நன்றாக இருந்ததாம். இருக்காதா? ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் தண்ணி 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சாயம் இறங்க அது கொஞ்சம் குறைச்சல்தான். அப்படியும் அங்கே ருசித்தது என்றால் மலைத் தண்ணி மென்மையானது என்பதால்தான்.

இதில் என்னை அதிகம் எரிச்சல்படுத்துவது வேறு. குடிக்க நல்ல தண்ணி, சோற்றுக்கு நல்ல தண்ணி, டீக்கு மட்டும் உப்புத் தண்ணி! கேட்டால், "கொதிக்கத்தானே போகுது?" என்பார்கள். கொதித்தால் கிருமி சாகும். சுண்ணாம்பு கொஞ்சம் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். பாறையிலிருந்து தண்ணியில் கரைகிற ஃபுளோரைடு என்ற உப்பு போகாது. தண்ணி வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கேண்டில் ஃபில்டரும் அதைப் பிடிக்காது, ஆர்.ஓ. பெரும்பகுதியைப் பிடிக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது கணக்கு. இங்கே பல ஊர்ப் போர்களில் அது அதைத் தாண்டும். தேயிலைச் செடியும் தன் பங்குக்கு மண்ணிலிருந்து ஃபுளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைப்பது. என் வயதுக்காரர்கள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும், நானும் அதில் ஒருவன். ஃபுளோரைடு மிஞ்சிப் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற நோய்க்கு ஃபுளோரோசிஸ் என்று பெயர். 2013இல் திறந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் குறைப்பு என்பது சேர்ந்திருக்கிறது. அந்தத் தண்ணியைக் குடத்தில் வைத்துக்கொண்டு மோட்டார் சுவிட்சைத் தட்டினால் எனக்குக் கோபம் வராதா?

இலையைப் பாலில் போட்டு வேகவைப்பது

அந்தக் குன்னூர் இலையைப் பாலோடு பத்து நிமிஷம் கொதிக்க விட்டிருக்கிறான், கஷாயம் மாதிரி. நம் வீட்டு டீத்தூள் பெரும்பாலும் சி.டி.சி. ரகம். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குவது. 1930களில் அசாமில் வந்த முறை. அதன் சாயம் சட்டென்று இறங்கும், பாலையும் தாங்கும். இரண்டு மூன்று நிமிஷம் கொதித்தால் ஒன்றும் ஆகாது. நீள இலை அப்படியில்லை. கொதித்த தண்ணியை மேலே ஊற்றி, மூடி வைத்து, மூன்று நாலு நிமிஷத்தில் வடித்துவிட வேண்டும். அடுப்பில் ஏற்றவே கூடாது.

ஸ்பூன் கணக்கும் இரண்டுக்கும் வேறு. தூள் கனம், இலை லேசு. தூளுக்கு ஒரு ஸ்பூன் என்றால் இலைக்குக் குவித்துப் போட வேண்டும். 100 மில்லிக்கு 2 கிராம், ஆறு நிமிஷம் என்று ஒரு சர்வதேச அளவு உண்டு. அது தேயிலையைச் சோதிப்பவர்கள் குறை நிறை கண்டுபிடிக்க வைத்துக்கொண்டது. குடிக்கிற நமக்கு அவ்வளவு கடுப்பு தாங்காது.

டீ பேக்கைப் பாலில் போடுவது

பாலில் சாயம் சரியாக இறங்காது. முதலில் கொதிநீர், மூன்று நிமிஷம், அப்புறம் பால்.

டீ பேக்கைப் பிழிவது

வேண்டாம். கசக்கும்.

அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் தூள்

பெருங்காய வாசத்தில் ஒரு வாரம் டீ குடித்திருக்கிறேன். போதும்.

வெல்லத்தைக் கொதியில் போடுவது

அவன் மனைவிக்குக் கடத்தூர்ப் பக்கம். பிறந்த வீட்டிலிருந்து வெல்லம் வந்திருந்தது. பால் தளதளவென்று கொதிக்கும்போது வெல்லத்தைப் போட்டால் திரிந்துவிடும். அந்தப் பெண் டீயை வடித்து, ஒரு நிமிஷம் ஆறவிட்டு, கிளாஸின் அடியில் பொடித்து வைத்திருந்த வெல்லத்தின் மேல் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தது. திரியவில்லை. கடை நடத்திய ஆறு வருஷத்தில் வெல்ல டீ எனக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை. அதை அக்கா மகனிடம் சொல்லவில்லை.